நிரல் சரியாகத்தான் இருந்தது

பள்ளிப்பட்டு ஒன்றியத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற கல்வியாண்டின் ஜனவரியில் நடந்த செய்முறை மாதிரித் தேர்வில் ஒரு மாணவிக்கு 20-க்கு 9 மதிப்பெண் போட்டேன். அவள் எழுதிய நிரலில் ஒரு பிழையும் இல்லை. இது எனக்குத் தெரியவர இரண்டு நாள் ஆனது.

பன்னிரண்டாம் வகுப்பில் மாணவர்கள் பைத்தான் மொழி படிக்கிறார்கள். செய்முறைப் பட்டியலின் கடைசிப் பயிற்சி, பிப் என்ற கருவியைக் கொண்டு வரைபடம் வரைவது. மேட்பிளாட்லிப் என்ற நூலகம் கணினியில் இருந்தால் நாலைந்து வரியில் பட்டை வரைபடம் வந்துவிடும். அந்த மாணவிக்கு அன்று அந்தப் பயிற்சிதான் சீட்டில் வந்தது. நன்றாகப் பயிற்சி செய்திருந்தாள். நிரலை எழுதினாள், இயக்கினாள். சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வந்தது.

"என்னம்மா, எழுத்துப் பிழையா? இம்போர்ட் வரியைப் பார்" என்றேன்.

"இல்ல மிஸ், சரியாத்தான் இருக்கு."

அந்த ஒரு வரியை மூன்று முறை அழித்து அழித்து எழுதினாள். சிறிய எழுத்தைப் பெரிய எழுத்தாக்கிப் பார்த்தாள். சரியாக இருந்த மற்ற வரிகளையும் சந்தேகப்பட்டு மாற்றத் தொடங்கினாள். நேரம் முடிந்தபோது நிரல் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தது. நான் திரையில் இருந்ததைப் பார்த்து மதிப்பெண் போட்டேன்.

மறுநாள் இரண்டாம் பிரிவு. அதே 4-ஆம் எண் கணினியில் உட்கார்ந்த மாணவனுக்கும் அதே செய்தி வந்தது. அப்போதுதான் அந்தச் செய்தியை நான் முழுதாகப் படித்தேன். மேட்பிளாட்லிப் என்ற பெயரில் ஒரு தொகுதியும் இல்லை என்று கணினி தெளிவாகச் சொல்லியிருந்தது. அவள் பயிற்சி செய்தது 11-ஆம் எண் கணினியில். அதில் நூலகம் இருந்தது. 4-இல் இல்லை.

கணினி ஆசிரியர் அல்லாதவர்கள் இதைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாத செய்தி என்று கடந்துவிட வேண்டாம். வீட்டில் வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த வினாத்தாளைப் பள்ளிக் கணினியில் திறந்ததும் புரியாத குறிகளாகத் தெரிந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. வினாத்தாள் கெடவில்லை. அது நம்பியிருந்த எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை. என் மாணவியின் நிரலுக்கு நேர்ந்ததும் இதுதான்.

ஒரு நிரல் தனக்கு வெளியே எதை நம்பி நிற்கிறதோ, அதைச் சார்பு என்கிறோம். பாடத் திட்டக் குறிப்பேட்டில் நாம் எழுதும் 'முன்னறிவு' போன்றதுதான். பின்னங்களின் கூட்டலுக்கு மீ.பொ.ம. முன்னறிவு. மீ.பொ.ம.வுக்கு மடங்குகள் முன்னறிவு. மடங்குக்கு வாய்பாடு. நாம் ஒரு வரி எழுதுகிறோம், அதற்குக் கீழே ஒரு சங்கிலி இருக்கிறது. நிரலிலும் அப்படியே.

மேட்பிளாட்லிப்பின் சங்கிலியை நானே அன்றுதான் வரிசையாகப் பார்த்தேன். எண்களை அணிகளாக வைத்துக் கணக்கிட நம்பை வேண்டும். படங்களைக் கையாளப் பில்லோ. எழுத்துருக்களைப் படிக்க ஃபான்ட்டூல்ஸ். சமஉயரக் கோடுகளுக்குக் கான்டூர்பை. வரைபடத்தின் உறுப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இடம் ஒதுக்கக் கிவிசால்வர். அடுத்த கோட்டுக்கு என்ன நிறம் என்று சுழற்சி முறையில் சொல்வதற்கென்றே சைக்ளர் என்ற சின்ன நூலகம். தேதிகளுக்கு டேட்யூட்டில், அது தனக்குச் சிக்ஸ் என்ற இன்னொன்று வேண்டும் என்கிறது. பைத்தான் 2, பைத்தான் 3 இரண்டிலும் ஒரே நிரல் ஓட உதவுவது சிக்ஸ். இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு என்பதால் அந்தப் பெயர். கணித ஆசிரியர்கள் ரசிப்பார்கள்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மேலே இருப்பது விழும். 2016 மார்ச் மாதம் ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்கள் பயன்படுத்தும் பொதுக் களஞ்சியத்திலிருந்து லெஃப்ட்-பேட் என்ற நூலகத்தை அதை எழுதியவர் நீக்கினார். வெறும் 11 வரி. ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடத்தை நிரப்புவதுதான் அதன் வேலை. அதை நம்பியிருந்த நூலகங்கள், அவற்றை நம்பியிருந்த நிறுவனங்களின் மென்பொருள்கள் என்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான இடங்களில் வேலை நின்றது. தாங்கள் அதை நம்பியிருக்கிறோம் என்பதே அவர்களில் பலருக்கு அன்றுவரை தெரியாது.

எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறேன். மொத்தம் 14 கணினிகள். ஒரே நாளில் வந்தவை அல்ல. 1 முதல் 6 வரை பழையவை: 32 பிட், விண்டோஸ் 7. 7 முதல் 12 வரை 64 பிட், விண்டோஸ் 10. மீதி இரண்டு லினக்ஸ் ஓடும் மடிக்கணினிகள். (2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது நினைவிருக்கலாம். சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. அந்தப் பழக்கத்தில்தான் எங்கள் பள்ளியில் இன்னும் லினக்ஸ் இருக்கிறது.) ஆக, பாடம் ஒன்று, நிரல் ஒன்று, அது ஓட வேண்டிய அமைப்புகள் மூன்று.

அமைப்பு மாறினால் என்ன மாறும்? விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பைத்தான் 3.8. அதற்கு மேல் நிறுவ முடியாது. பைத்தான் 3.8-க்குக் கிடைக்கும் கடைசி மேட்பிளாட்லிப் 3.7 வரிசை. கடைசி நம்பை 1.24 வரிசை. புதிய கணினிகளில் பைத்தான் 3.11 இருக்கிறது, அதற்கு இவற்றைவிடப் புதிய பதிப்புகள் உண்டு. மாணவி எழுதும் நாலைந்து வரி எல்லாக் கணினியிலும் ஒன்றே. அதற்குக் கீழே நிற்கும் பதிப்பு எண்கள்தான் கணினிக்குக் கணினி வேறு.

இதை வகுப்பில் சொன்னபோது பொதட்டூர்பேட்டைப் பக்கமிருந்து வரும் ஒரு மாணவன், "எங்க வீட்டுத் தறியும் இப்படித்தான் மிஸ். நூல் நம்பர் மாறினா அச்சை மாத்தணும். மாத்தாம ஓட்டினா இழை அறுந்துக்கிட்டே இருக்கும், நெய்யுறவரைத் திட்டி ஒண்ணும் ஆகாது" என்றான். நான் முந்தின வாரம் செய்தது அதைத்தான் என்று அவனுக்குத் தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா என்று இன்றுவரை கேட்கவில்லை.

சரிசெய்ய நான் எடுத்த முதல் முயற்சி அவசர முயற்சி. என் கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்து, ஒவ்வொரு கணினியாகப் பிப் மூலம் மேட்பிளாட்லிப்பை நிறுவத் தொடங்கினேன். ஐந்தாவது கணினியில் அன்றைய டேட்டா தீர்ந்தது. அதைவிடப் பெரிய தொல்லை பிறகுதான் தெரிந்தது. பதிப்பு எண் சொல்லாவிட்டால், அந்த நேரத்தில் அந்தக் கணினிக்குப் பொருந்தும் புதிய பதிப்பு எதுவோ அதைத்தான் பிப் எடுக்கும். எப்போதோ ஒரு நாள் நிறுவிய கணினியில் ஒரு பதிப்பு, அன்று நிறுவியதில் வேறு பதிப்பு. ஒரே மாதிரிக் கணினிகளுக்குள்ளேயே வேறுபாட்டை நானே உண்டாக்கியிருந்தேன்.

இரண்டாவது முயற்சியில் கொஞ்சம் நிதானம் வந்தது. பிப்பில் 'டவுன்லோட்' என்ற கட்டளை உண்டு. நிறுவாமல், கோப்புகளை மட்டும் இறக்கித் தரும். (கட்டளைகளை ஆங்கிலத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும், இங்கே ஒலிப்பை மட்டும் தருகிறேன்.) வரும் கோப்புகளுக்கு வீல் என்று பெயர். ஒரு வீலின் பெயரைப் படிக்கத் தெரிந்தாலே பாதித் தொல்லை குறையும். நூலகத்தின் பெயர், பதிப்பு, பிறகு எந்தப் பைத்தானுக்கு உரியது, கடைசியில் எந்த இயங்குதளத்துக்கு உரியது என்ற வரிசையில் இருக்கும். 'சிபி38' என்றால் பைத்தான் 3.8. 'வின்32' என்றால் 32 பிட் விண்டோஸ். 64 பிட்டுக்கு 'வின் ஏஎம்டி64' என்றிருக்கும். "நம்ம கணினியில் இன்டெல்தானே மிஸ் இருக்கு?" என்று ஒவ்வோர் ஆண்டும் ஒருவராவது கேட்பார்கள். 64 பிட் முறையை முதலில் வெளியிட்டது ஏஎம்டி நிறுவனம், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, இன்டெல்லுக்கும் அதே கோப்புதான்.

வீட்டில் என் மடிக்கணினியில் பைத்தான் 3.11. அதில் உட்கார்ந்து, "பைத்தான் 3.8-க்கும் 32 பிட் விண்டோஸுக்கும் உரியதை இறக்கு" என்று பிப்பிடம் சொன்னேன். சொன்னபடி இறக்கியது. பென் டிரைவில் போட்டு எடுத்துப்போனேன். 4-ஆம் எண் கணினியில், இணையத்தைத் தேடாதே என்பதற்கு 'நோ இண்டெக்ஸ்', இந்தக் கோப்புறையில் தேடு என்பதற்கு 'ஃபைண்ட் லிங்க்ஸ்' என்ற இரண்டு குறிப்புகளோடு நிறுவினேன். பாதியில் நின்றது. இம்போர்ட்லிப்-ரிசோர்சஸ் என்று ஒன்று வேண்டுமாம், கோப்புறையில் இல்லையாம்.

வீட்டில் இறக்கியபோது இந்தப் பெயரே வரவில்லையே என்று குழம்பினேன். காரணம் இது. மேட்பிளாட்லிப் 3.7 தன் சார்புப் பட்டியலில் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: பைத்தான் 3.10-க்குக் கீழே இருந்தால் இம்போர்ட்லிப்-ரிசோர்சஸ் கூடுதலாக வேண்டும். நான் 3.8-க்கு இறக்கச் சொன்னாலும், அந்த நிபந்தனையைப் பிப் தான் ஓடிக்கொண்டிருந்த 3.11-ஐ வைத்துத்தான் சோதித்தது. '3.11 அல்லவா, தேவையில்லை' என்று விட்டுவிட்டது. அந்த ஒன்றைத் தனியாக இறக்கினால் அதற்குப் பின்னால் ஸிப் என்று இன்னொன்று வந்து நிற்கிறது.

ஒவ்வொன்றாகத் துரத்துவதை விட்டேன். மறுநாள் மாலை ஒரு பழைய கணினியையே தூக்கிக்கொண்டு போய், இணைய இணைப்பு இருக்கும் அலுவலக அறையில் வைத்து, அதிலேயே இறக்கினேன். எல்லாம் முழுமையாக வந்தன. எந்த வகைக் கணினிக்கு வேண்டுமோ, அதே வகைக் கணினியில் இறக்குவதுதான் எனக்குத் தெரிந்து நம்பகமான வழி. புத்திசாலித்தனமான குறுக்குவழியில் ஒரு மாலை போனது, தூக்கிக்கொண்டு போனதில் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

அதன்பின் 'பிப் ஃப்ரீஸ்' என்ற கட்டளையைக் கொடுத்து, நிறுவப்பட்ட எல்லா நூலகங்களின் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒரு கோப்பில் எழுதிவைத்தேன். ரிக்கொயர்மெண்ட்ஸ் என்று அதற்குப் பெயர் வைப்பது வழக்கம். அடுத்த கணினியில் அந்தக் கோப்பைக் காட்டி நிறுவச் சொன்னால், அதே நூலகம், அதே பதிப்பு, வேறு எதுவும் இல்லை. பென் டிரைவில் இப்போது மூன்று கோப்புறைகள்: பழையது, புதியது, லினக்ஸ். ஒவ்வொன்றிலும் அதற்குரிய பட்டியலும் கோப்புகளும். மூன்றையும் ஒரே பட்டியலாக்கவும் வழி உண்டு. வரிக்கு வரி நிபந்தனை எழுதலாம். எனக்குப் பின்னால் வரும் ஆசிரியர் பார்த்ததும் புரிந்துகொள்ள மூன்று கோப்புறைதான் நல்லது என்று விட்டுவிட்டேன்.

லினக்ஸ் மடிக்கணினியில் பிப் நிறுவவே மறுத்தது. அண்மைக்கால டெபியன் வகை லினக்ஸ்களில், கணினியின் சொந்தப் பைத்தானைத் தொடாதே, தனிச் சூழல் ஒன்றை உண்டாக்கிக்கொள் என்று அதுவே தடுக்கும். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அது சொல்வது நியாயம் என்று பட்டது. ஏனென்றால் புதிய கணினி ஒன்றில் அறிவியல் கண்காட்சிக்காக மாணவர்கள் வேறொரு நூலகத்தை நிறுவியபோது, அது நம்பையை 2-ஆம் பதிப்புக்கு உயர்த்திவிட்டது. நம்பை 1-க்காக உருவாக்கப்பட்டிருந்த பழைய மேட்பிளாட்லிப் அதோடு ஒத்துப்போகவில்லை. கண்காட்சிக் குழு மகிழ்ச்சியாக இருந்தது, பட்டை வரைபடம் படுத்துவிட்டது. 'வென்வ்' என்ற வசதியைக் கொண்டு ஒரே கணினிக்குள் இரண்டு தனி அறைகள் போல அமைத்துவிட்டால், ஓர் அறையில் நம்பை 1, இன்னோர் அறையில் நம்பை 2. சண்டை இல்லை. இப்போது 7 முதல் 14 வரை எல்லாவற்றிலும் செய்முறைக்கு ஓர் அறை, மாணவர்களின் சொந்த முயற்சிகளுக்கு ஓர் அறை.

சி++ பக்கமும் இதே கதைதான், வேறு வடிவில். பைத்தானிலிருந்து சி++ நிரலை நிரல்பெயர்த்து இயக்கும் பாடம் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறது. அதற்கு மின்ஜிடபிள்யூ வேண்டும். ஒரு மாணவன் தன் நிரலை ஆய்வகத்தில் நிரல்பெயர்த்து, கிடைத்த இயங்கு கோப்பை மட்டும் தன் அண்ணனுக்குக் காட்ட எடுத்துப்போனான். அங்கே திறந்ததும், ஒரு டிஎல்எல் கோப்பு இல்லை என்று செய்தி வந்ததாம். சி++ மொழியின் பொது நூலகம் அந்த டிஎல்எல்லில் இருக்கிறது; மின்ஜிடபிள்யூ இருக்கும் கணினியில் அது இருக்கும், அண்ணனின் கணினியில் இல்லை. நிரல்பெயர்க்கும்போது 'ஸ்டாட்டிக்' என்ற குறிப்பைச் சேர்த்தால் நூலகத்தின் தேவையான பகுதி இயங்கு கோப்புக்குள்ளேயே சேர்ந்துவிடும். கோப்பு பெரிதாகும், ஆனால் போகிற இடத்தில் கைநீட்ட வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு: 32 பிட்டுக்காக நிரல்பெயர்த்தது 64 பிட் விண்டோஸிலும் ஓடும். மறுதலை நடக்காது.

எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று எழுதிவைத்து, மாறியதை மட்டும் மீண்டும் நிரல்பெயர்க்கும் கருவிகளில் பழையது மேக். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1976-இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. அது பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். அவருடைய சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப்பொழுது முழுவதையும் ஒரு நிரலில் பிழை தேடிக் கழித்திருக்கிறார். பிழையை அவர் முன்பே திருத்திவிட்டார். திருத்திய கோப்பை மீண்டும் நிரல்பெயர்க்க மறந்ததால் பழையதே ஓடிக்கொண்டிருந்தது. சரியான நிரலில் பிழை தேடி ஒரு காலையை வீணடித்தேனே என்று ஃபெல்ட்மனின் அறைக்குள் வந்து அவர் புலம்பியதில்தான் மேக் தொடங்கியது. யாக் என்ற புகழ்பெற்ற கருவியை எழுதியவர் அந்த ஜான்சன். அவருக்கே ஒரு காலை போயிற்று என்றால், பதினேழு வயது மாணவி மூன்று முறை அழித்து எழுதியதில் என்ன வியப்பு?

அவளை அழைத்து, நிரல் சரியாக இருந்தது, கணினியை நான் தயார் செய்யவில்லை என்று வகுப்பின் முன்னால் சொன்னேன். மீண்டும் தேர்வு வைத்து மதிப்பெண்ணைத் திருத்தினேன். "அப்ப நான் எழுதினதுலயே தப்பு இல்லையா மிஸ்?" என்று இரண்டு முறை கேட்டாள்.

இப்போது மாணவர்கள் ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு பயிற்சிக்கும் மேலே 'முன்னறிவு' என்று ஒரு வரி எழுதுகிறார்கள். பைத்தான் பதிப்பு, நூலகம், அதன் பதிப்பு. சிஎஸ்வி, எஸ்க்யூலைட் பயிற்சிகளுக்கு 'பைத்தானோடு வருவது' என்று எழுதினால் போதும், தனியாக நிறுவ வேண்டியதில்லை. பிழைச்செய்தி வந்தால் முதலில் கடைசி வரியைப் படிக்க வேண்டும். 'மாட்யூல் நாட் ஃபௌண்ட்' என்றிருந்தால் நிரலைத் தொடக் கூடாது, என்னைக் கூப்பிட வேண்டும். ஆங்கிலச் செய்தியைப் பார்த்ததும் தன்மேல் சந்தேகம் வருவது எங்கள் பிள்ளைகளிடம் அதிகம். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், திரையில் ஆங்கிலம் என்று மூன்றுக்கும் நடுவே நிற்பவர்கள். அதனால் அடிக்கடி வரும் ஆறேழு பிழைச்செய்திகளுக்கு அவர்களே தமிழில் விளக்கம் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

பீரோ கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர் வந்திருந்தபோது, ஷிப்ட் மாறும்போது இயந்திரத்தில் என்ன செட்டிங் இருக்கிறது என்று தாளில் எழுதி இயந்திரத்திலேயே ஒட்டிவிட்டுத்தான் போவோம் என்றார். அதைக் கேட்டுச் செய்தது. 1 முதல் 14 வரை எண், இயங்குதளம், பிட், பைத்தான், மேட்பிளாட்லிப், நம்பை, சோதித்த தேதி. செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் இரண்டு மாணவர்கள் ஒவ்வொரு கணினியிலும் ஒரே சோதனை நிரலை இயக்கிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

பொதுத் தேர்வின் செய்முறை நாளன்று புறத்தேர்வாளர் அந்தத் தாளைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், 4-ஆம் எண் கணினியின் முன் உட்கார்ந்திருந்த அந்த மாணவி எழுந்து சொல்லத் தொடங்கினாள். அவளுடைய பட்டை வரைபடம் அப்போது திரையில் இருந்தது.